அக்காவுக்கு ஊசியா, சத்திரசிகிச்சையா?

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. அவருடைய அக்காவுக்கு 42 வயது, உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 92 கிலோ. மூன்று வருஷமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அதற்கு மெட்போமின், கிளிக்கிளசைட் என்று இரண்டு குளிசை எடுக்கிறார். பிறஷர் குளிசையும் உண்டு. இரவில் விடுகிற குறட்டையில் வீடே எழும்பும், முழங்கால் நோவால் படியேற முடியாது. கொழும்பில் ஒரு டொக்டர், "இரைப்பையை வெட்டிச் சின்னனாக்கலாம், யோசியுங்கோ" என்றிருக்கிறார். கனடாவில் இருக்கும் மச்சாள், "கத்தி வைக்க வேண்டாம், நான் மெலியிற ஊசி ஆள் வசம் அனுப்புறன்" என்கிறார். அம்மா, "வாயைக் கட்டினால் போதும்" என்று நிற்கிறார். மூன்று பேரில் யார் சொல்வதைக் கேட்பது?

நான் வைத்தியர் இல்லை, தங்கச்சி. திருகோணமலை டவுனில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பாமசி நடத்துகிற மருந்தாளர். மெலிய மருந்து கேட்டு என் கவுண்டருக்கு ஆள் வராத வாரம் இல்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அந்த இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்ததை வைத்து எழுதுகிறேன். முடிவை அக்காவும் அவருடைய வைத்தியரும்தான் எடுக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், கொழும்பு டொக்டர் சொன்னது பயப்படுத்துகிற பேச்சில்லை, நியாயமான யோசனை. மச்சாள் சொல்வது நல்ல மருந்துதான், ஆனால் வருகிற வழி பிழை. அம்மா சொல்வதிலும் பாதி சரி. அந்தப் பாதியை அக்கா இதற்குள் பத்துத் தரமாவது செய்து பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கணக்கை முதலில் பார்ப்போம். 92ஐ 1.55ஆல் இரண்டு தரம் பிரித்தால் 38.3 வரும். இதுதான் உடற்திணிவுச் சுட்டி. உலக அளவில் 30க்கு மேல் போனால் உடற்பருமன் என்பார்கள். எங்களைப் போன்ற தெற்காசிய உடம்புக்கு அந்தக் கோடு இன்னும் கீழே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004 இலேயே ஆசியர்களுக்கு 23இல் கவனம் வேண்டும், 27.5இல் ஆபத்து அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம், எங்களுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் போய்க் குந்திக்கொள்ளும். கை கால் மெலிந்து, வண்டி மட்டும் முன்னால் நிற்கிற எத்தனை பேரை எங்கள் ஊரில் பார்க்கிறோம்! அளவு நாடாவை எடுத்து இடுப்பையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. அதற்கு மேலே போனால் தராசு என்ன சொன்னாலும் உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். வாயைக் கட்டினால் நிறை குறையும், அதில் சந்தேகமே இல்லை. குறைந்த பிறகு நடப்பதுதான் பிரச்சினை. 1994 இல் நியூயோர்க்கில் ஜெப்ரி பிரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹோர்மோனைக் கண்டுபிடித்தது. உடம்புக் கொழுப்பில் இருந்து மூளைக்கு, "இருப்பு இவ்வளவு" என்று செய்தி கொண்டுபோகிற சாமான் அது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். தம்பலகாமத்து வயற்காரர் போகம் பிழைத்த வருஷத்தில் நெல்லை எப்படி அளந்து எடுப்பார்? அதே மாதிரித்தான். மெல்பேர்னில் பிரியா சுமித்திரனும் கூட்டாளிகளும் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து மெலியவைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரத்தத்தைப் பார்த்தபோது பசி ஹோர்மோன்கள் இன்னும் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. 2011 இல் வெளியான ஆய்வு அது. ஆகவே, இறங்கிய நிறை திரும்ப ஏறினால் அக்காவுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பிறஷர் குளிசையை நிறுத்தினால் பிறஷர் ஏறுகிறது. அதற்காக யாரையும் நாங்கள் திட்டுவதில்லையே?

அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. ஊசி போட்டாலும் வெட்டினாலும் சாப்பாடுதான் அடித்தளம். ஒருநாள் மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சலைப் பிரித்து, கறிகளை ஒதுக்கிவிட்டு, சோற்றை மட்டும் தராசில் வைத்துப் பார்த்தேன். 600 கிராமுக்கு ஒரு பிடி குறைவு. 100 கிராம் சோறு சுமார் 130 கலோரி. அப்படியானால் கறி இல்லாமலே 750க்கு மேல். இரவில் பிட்டு. குழலில் அடைத்த மாவுக்கு நடுவே தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், அதிலும் தேங்காய், மேலே சொதி, அதுவும் தேங்காய்ப்பால்! தேத்தண்ணிக் கணக்கு தனி. இரண்டு கரண்டி சீனி 10 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் 50 கிராம், அதாவது 200 கலோரி. சீனி வருத்தக்காரர் இதையெல்லாம் விட்டிருப்பார் என்று நினைப்போம். ஆனால் "எனக்கு அரைக் கரண்டிதான்" என்று சொல்பவர்களின் கரண்டியை நான் பார்த்திருக்கிறேன். குவிந்திருக்கும்.

சாப்பாட்டில் நான் சொல்வது ஒன்றுதான். தட்டில் முதலில் மீனும் மரக்கறியும் வரட்டும், சோறு பிறகு வரட்டும். எங்கள் ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. அது வயிற்றில் நின்று பசியைத் தாங்கும். மெலியும்போது தசை கரைந்து போகாமலும் பார்க்கும்.

இங்கே ஒரு ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அக்கா அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறார். பிரித்தானியாவில் டைரெக்ட் என்ற ஆய்வில், சீனி வருத்தம் வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்டவர்களை, இன்சுலின் எடுக்காதவர்களை, மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி சூப்பிலும் பானத்திலும் வைத்தார்கள். ஒரு வருஷ முடிவில் 46 வீதமானவர்களுக்கு மருந்தில்லாமலே சீனி கட்டுப்பாட்டில் இருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 வீதம்! இரண்டாவது வருஷ முடிவில் மொத்தக் கணக்கு 36 வீதமாக இறங்கியது, அதையும் சொல்ல வேண்டும். இதை வீட்டில் தானாகத் தொடங்கக் கூடாது. கிளிக்கிளசைட்டைப் போட்டுக்கொண்டு 850 கலோரியில் இருந்தால் சீனி இறங்கி விழுந்துவிடுவார். அந்த ஆய்வில் முதல் நாளே சீனிக் குளிசையையும் பிறஷர்க் குளிசையையும் நிறுத்தி, வைத்தியர் மேற்பார்வையில்தான் தொடங்கினார்கள்.

நடையால் மட்டும் பெரிதாக மெலிய முடியாது. சீனிக்கும் இதயத்துக்கும் தசைக்கும் நல்லது என்பதற்காகவே நடக்கச் சொல்கிறோம். அக்காவின் முழங்காலுக்குக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறுகிற ஏற்றம் சரிவராது. மான்களைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலோடு திரும்பிவிடட்டும். உட்துறைமுக வீதி சமதரை, அது பரவாயில்லை. அதைவிட நல்லது உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரை இடுப்பளவு தண்ணியில் அரை மணித்தியாலம் நடந்தால் முழங்காலில் பாரமே தெரியாது. வெள்ளாப்பில் போனால் ஆள் நடமாட்டமும் குறைவு.

மருந்துக்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. என் தொழிலில் இருந்து பார்த்தால் இதுதான் மலிவான வைத்தியம்: அக்காவின் கிளினிக் கொப்பியை எடுத்து, எந்த மருந்து நிறையைக் கூட்டுகிறது என்று பார்ப்பது. கிளிக்கிளசைட் கொஞ்சம் கூட்டும். இன்சுலின் நன்றாகவே கூட்டும். நித்திரைக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கிற அமிற்றிப்டிலின், வலிப்புக்குக் கொடுக்கிற வல்புறோவேற், சில மனநோய்க் குளிசைகள், ஸ்டீரொயிட் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சீனிக்கே நிறையைக் குறைக்கிற குளிசை உண்டு. எம்பகிளிபுளோசின் போன்றவை மேலதிகச் சீனியைச் சிறுநீரில் வெளியேற்றி இரண்டு மூன்று கிலோவைக் கழிக்கும். ஆனால் எந்தக் குளிசையையும் தானாக நிறுத்தக் கூடாது. "இதை மாற்றலாமா டொக்டர்?" என்று கேட்பதற்குத்தான் கொப்பி. முழங்கால் நோவுக்கு லேபல் இல்லாத தூள் ஏதும் எடுக்கிறாரா என்றும் விசாரியுங்கள். போட்டதும் நோ பறந்துவிட்டது, பசி கூடிவிட்டது, முகம் வட்டமாகிவிட்டது என்றால் அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறதோ என்று நான் சந்தேகப்படுவேன். அப்படியிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். தைரொயிட்டை ஒரு தரம் பரிசோதிக்கட்டும். அது குறைவாக இல்லாதவர் மெலிவதற்காகத் தைரொக்சின் குளிசை போடுவது இதயத்தைக் குதிரை மாதிரி ஓடவிடுகிற வேலை.

மெலியும் மருந்துகளின் பழைய கதை அவ்வளவு நல்லதில்லை. பென்புளூரமின் இதய வால்வைக் கெடுத்து 1997 இல் போனது. ரிமோனபாண்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவந்து 2008 இல் போனது. மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் கூட்டியதால் சிபுற்றமின் 2010 இல் போனது. "இயற்கை மூலிகை" என்று போனில் விளம்பரம் காட்டி விற்கிற தூள்களைப் பிற நாடுகளில் பரிசோதித்தபோது இந்தச் சிபுற்றமினே திரும்பத் திரும்ப அகப்பட்டிருக்கிறது. அப்படியான டப்பாவை யாரும் என் கவுண்டரில் வைத்து, "இது நல்லதா?" என்று கேட்டால், இலங்கையில் பதிவுள்ள மருந்தா என்றுதான் முதலில் பார்ப்பேன். மருந்துகளைப் பதிவதற்கென்றே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. பதிவில்லாத டப்பா என் பாமசிக்குள் வராது.

பழைய ஆட்களில் தப்பி நிற்பது ஒர்லிஸ்டாற். சாப்பாட்டுக் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் கழிக்கும். ஒரு வருஷத்தில் மருந்தில்லாத போலிக் குளிசையை விட மூன்று கிலோ அளவில்தான் கூடக் குறைக்கும். எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டால் கழிவோடு எண்ணெய் அப்படியே வரும், சில நேரம் சொல்லாமலே வரும். காளி கோயில் பக்கத்து வடைக்கடையை விடமாட்டேன் என்ற ஒரு வாடிக்கையாளர் இரண்டாம் நாளே மிச்சக் குளிசையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இனி மச்சாளின் ஊசி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

சாப்பாடு குடலில் இறங்கும்போது குடல் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனை விடும். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதிக்கும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். இயற்கை ஹோர்மோன் சில நிமிஷத்தில் கரைந்துவிடும். அமெரிக்காவில் ஜோன் எங் என்பவர் கிலா என்ற விஷப் பல்லியின் எச்சிலில், அதே வேலையைச் செய்யும், ஆனால் நின்று பிடிக்கும் பொருளைக் கண்டார். 1992 இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பில் இருந்து 2005 இல் எக்செனடைட் என்ற சீனி ஊசி வந்தது. அதன் பிறகு தினமும் போடும் லிரகுளூடைட், வாரம் ஒரு தரம் போடும் செமகுளூடைட், இரண்டு ஹோர்மோனின் வேலையைச் சேர்த்துச் செய்யும் டிர்செப்படைட் என்று வரிசையாக வந்தன. ஓசெம்பிக், வெகோவி, மௌஞ்சாரோ என்று கேள்விப்படுகிற பெயர்கள் இவைதான். முதல் இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே செமகுளூடைட், மூன்றாவது டிர்செப்படைட்.

எவ்வளவு குறையும்? விளம்பரத்தில் வருகிற கணக்கு சீனி வருத்தம் இல்லாதவர்களுடையது. செமகுளூடைட்டில் 68 வாரத்தில் சராசரி 14.9 வீதம், டிர்செப்படைட் கூடிய அளவில் 72 வாரத்தில் 20.9 வீதம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது குறைவாகத்தான் வேலை செய்கிறது. அவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் செமகுளூடைட் 9.6 வீதம், டிர்செப்படைட் 14.7 வீதம். அக்காவின் 92 கிலோவில் இது சுமார் 9 கிலோவும் 13.5 கிலோவும். "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். நிறையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே சீனி, பிறஷர், ஈரல் கொழுப்பு எல்லாம் இறங்கத் தொடங்கும். ஏற்கனவே இதய நோயும் கூடிய நிறையும் உள்ள, ஆனால் சீனி வருத்தம் இல்லாத 17,604 பேரில் செய்த ஆய்வில் செமகுளூடைட் மாரடைப்பு, பாரிசவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்து 20 வீதம் குறைத்தது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற வருத்தத்துக்கு டிர்செப்படைட்டை அமெரிக்காவில் 2024 கடைசியில் அனுமதித்தார்கள்.

பிறகு ஏன் ஆள் வசம் வருகிற ஊசி வேண்டாம் என்கிறேன்? இந்த மருந்து அடைத்து வருகிற ஊசிப் பேனை, பாவிக்கத் தொடங்கும்வரை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். உறைந்தால் கெட்டுவிடும். ரொறொன்ரோவில் பெட்டிக்குள் போட்டு, விமானத்தின் அடியில் குளிரில் கிடந்து, கட்டுநாயக்காவில் வெயில் பட்டு, வான் வண்டியில் ஆறு மணித்தியாலம் திருகோணமலைக்கு வருகிற பேனைக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்க்கத் தண்ணி மாதிரித் தெளிவாகத்தான் இருக்கும். பாவிக்கத் தொடங்கிய ஓசெம்பிக் பேனையை வெளியே வைக்கலாம் என்று தாளில் போட்டிருப்பார்கள், அதுவும் 30 பாகைக்குக் கீழே என்றுதான். ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு அறைகளில் 30 பாகை எங்கே இருக்கிறது?

அடுத்தது, அளவு. செமகுளூடைட் என்றால் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நாலு நாலு வாரமாக 0.5, 1, 1.7 என்று ஏற்றி 2.4க்கு வர வேண்டும். மச்சாள் அனுப்புவது எந்தப் பலத்தில் உள்ள பேனை? அவர் பாவிக்கிற பெரிய அளவையே அக்கா முதல் வாரம் போட்டால் மூன்று நாள் சத்தியில் கிடந்து, சேலைன் ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். கிளிக்கிளசைட்டோடு சேர்த்தால் சீனி இறங்கும், அதை முதலில் குறைக்க வேண்டும். சீனி வேகமாகக் கீழே வரும்போது கண்ணில் பழைய பாதிப்பு இருந்தால் கூடலாம், ஆகவே முதலில் விழித்திரையைக் காட்ட வேண்டும். முன்பு கணைய அழற்சி வந்தவரா, குடும்பத்தில் மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருக்கிறதா, குழந்தைக்கு முயற்சிக்கிறாரா என்றெல்லாம் யாராவது கேட்க வேண்டும். பித்தக்கல்லும் வரலாம். மயக்க மருந்து கொடுத்து எதுவும் செய்யப்போனால், சிறு பல் வேலையாக இருந்தாலும், இந்த ஊசி போடுகிறேன் என்று சொல்லியே ஆக வேண்டும், வெறும் வயிறு என்று நினைத்த வயிற்றுக்குள் நேற்றைய சாப்பாடு இருக்கும்.

மூன்றாவது, நிறுத்தினால் என்ன? செமகுளூடைட்டை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் பார்த்தபோது, குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அது மருந்தின் பிழையில்லை, மேலே சொன்ன நெல்லு மூட்டைக் கதைதான். ஆகவே மச்சாளிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஒரு பேனை அனுப்புவாயா?" என்பதில்லை. "எத்தனை வருஷத்துக்கு அனுப்புவாய்?" என்பதுதான். விலையை நான் இங்கே எழுதவில்லை, டொலரோடு அதுவும் ஆடும். ஆனால் மாசா மாசம் தாங்கக்கூடிய செலவா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் முதல் ஊசியைப் போட வேண்டும்.

சரி, கத்திக்கு வருவோம்.

இப்போது கூடுதலாகச் செய்வது ஸ்லீவ் என்ற முறை. வயிற்றில் நாலைந்து சிறு துளை போட்டு, கமரா வைத்து, இரைப்பையின் வெளிப்பக்கத்தை நீளவாக்கில் வெட்டித் தைத்து, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ அளவு குழாய். வெட்டி எடுக்கிற மேற்பகுதியில்தான் கிறெலின் என்ற பசி ஹோர்மோன் கூடுதலாகச் சுரக்கிறது, அதனால் பசியும் குறையும். மற்றது பைபாஸ். இரைப்பையின் மேல்நுனியில் ஒரு முட்டையளவு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு பொருத்துவார்கள். சாப்பாடு சீக்கிரம் கீழ்க்குடலுக்குப் போவதால் ஜிஎல்பி-1 தானாகவே கூடும். பைபாஸ் செய்து சில நாளிலேயே, நிறை இறங்குவதற்கு முன்னமே, சீனி இறங்குவது இதனால்தான். ஊசி செய்கிற வேலையைக் குடலே செய்கிறது. நெஞ்செரிவு கடுமையாக உள்ளவருக்கு ஸ்லீவ் நல்லதில்லை, அது கூடும். அவருக்குப் பைபாஸ் பொருத்தம். இரைப்பையைச் சுற்றிப் பட்டி கட்டும் முறை பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. இரைப்பைக்குள் பலூன் வைப்பது ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரைக்கும்தான். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது அழகு வேலை, சீனிக்கும் பிறஷருக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

யாருக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பதற்கு 1991 இல் இருந்து இருந்த பழைய விதி, உடற்திணிவுச் சுட்டி 40க்கு மேல், அல்லது நோய்களோடு 35க்கு மேல் என்றது. 2022 இல் சர்வதேசச் சங்கங்கள் அதை மாற்றி, 35க்கு மேல் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம், ஆசியர்களுக்கு 27.5இலேயே பேசலாம் என்றன. அக்கா 38.3, சீனி, பிறஷர், குறட்டை, முழங்கால். எந்த விதியை எடுத்தாலும் அவர் உள்ளே வருகிறார். சராசரியாக 20 முதல் 30 வீதம் குறையும், அதாவது சுமார் 18 கிலோவில் இருந்து 28 கிலோ வரை. சுவீடனில் 1987 இல் தொடங்கி நீண்டகாலம் பார்த்த ஆய்வு, சத்திரசிகிச்சை செய்தவர்களின் மரணம் செய்யாதவர்களை விடக் குறைவு என்று 2007 இல் காட்டியது. அனுபவமுள்ள இடத்தில் சத்திரசிகிச்சையால் உயிர்போவது ஆயிரத்தில் ஒருவர் இருவர் என்ற அளவில்தான்.

எங்கள் வீட்டு மச்சாள் ஸ்லீவ் செய்து இப்போது நாலு வருஷம். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்தார். முதல் இரண்டு வாரம் தண்ணி ஆகாரம். பாணி மருந்துப் போத்தலோடு வருகிற 30 மில்லிலீற்றர் அளவுக் கப் இருக்குமே, அதில் இளநீரை ஊற்றி, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து உறிஞ்சுவார். ஒரு கப் முடிய கால் மணித்தியாலம். ஒருநாள் அவசரத்தில் இரண்டு மிடறு சேர்த்து விழுங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினிச் சுவரில் சாய்ந்து நின்றார். நாலாம் மாதத்தில் ஒரு இடியப்பம், கொஞ்சம் மீன் சொதி, அவ்வளவுதான். சோறு அடைக்கும், பாண் இன்னும் மோசம். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது, அரை மணித்தியாலம் கழித்துத்தான். கலியாண வீட்டில், "என்ன பிள்ளை, கோழி கொறிக்கிற மாதிரி?" என்று இலையில் கறியைப் போடுகிற பெரியம்மாக்களைச் சமாளிப்பதுதான் தனக்குப் பெரிய சத்திரசிகிச்சை என்பார்.

88 கிலோவில் இருந்து 61க்கு வந்தார். சீனிக் குளிசை நின்றது. ஆனால் ஒரு பிழை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது விற்றமின் பற்றி ஒரு தாள் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். யாரும் உட்கார்த்தி விளங்கப்படுத்தவில்லை. அவர் மூன்று மாதம் எடுத்துவிட்டு, "மெலிந்துவிட்டேனே, இனி ஏன்?" என்று விட்டுவிட்டார். இரண்டாம் வருஷம் முடி கொட்டியது, உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல ஒரு விறைப்பு. பி12ஐப் பரிசோதித்தால் அடிமட்டம். என் வீட்டு ஆள், நான் மருந்தாளர், நானும் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி எல்லாம் சாகும்வரைக்கும், வருஷத்துக்கு ஒரு தரமாவது இரத்தப் பரிசோதனை. பைபாஸ் செய்தால் இன்னொன்றும் சேர்கிறது. டைக்குளோபெனாக், ஐபுபுறோபன் போன்ற நோக்குளிசைகளைத் தொடவே கூடாது, புதுப் பொருத்தில் புண் வரும். முழங்கால் நோவுக்குக் கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போடுகிற பழக்கம் அக்காவுக்கு இருந்தால் இதைச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் முதலே சொல்லட்டும்.

திருகோணமலைக்காரர் என்பதால் இன்னும் ஒன்று. இந்தச் சத்திரசிகிச்சையைக் கொழும்பில் அரச ஆஸ்பத்திரியிலும் செய்கிறார்கள், தனியாரிலும் செய்கிறார்கள். அரசில் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். எங்கே செய்தாலும் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினால் உடனே 260 கிலோமீற்றர் பஸ் ஏறிவிடாதீர்கள். தைத்த இடம் கசிவது நூற்றில் ஒருவருக்கு வரலாம், அது வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவரலாம். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, இடது தோளில் நோ என்றால் அன்றைக்கே வெட்டியவரிடம் போக வேண்டும். கால் இரத்த நாளத்தில் இரத்தம் உறைவதும் ஆபத்து, ஆறு மணித்தியாலம் மடங்கி உட்கார்ந்து வந்தால் அது கூடும். வெள்ளவத்தையிலோ எங்கேயோ ஒரு சொந்தக்கார வீட்டில் இரண்டு வாரம் நின்று, அறைக்குள் நடந்துகொண்டிருந்துவிட்டு வரட்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். எங்கள் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் அக்காவைக் காட்டி, கிளிக்கிளசைட்டை மாற்றலாமா என்று கேட்பேன். கண், தைரொயிட், ஈரல், குறட்டைக்கான நித்திரைப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் துண்டு வாங்குவேன். மூச்சு நிற்கிற வருத்தம் இருக்கிறதென்றால் மயக்க மருந்துக்கு முன்னால் அது தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் சாப்பாட்டை ஒழுங்காகப் பிடித்துப் பார்ப்பேன். அதே நேரம் கொழும்பில் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு ஒரு கடிதமும் வாங்கி வைப்பேன், வரிசை நீளம் என்பதால். ஊசியைத் தாங்கக்கூடிய வசதி இருந்தால், இங்கே பதிவுள்ள மருந்தாக, வைத்தியர் எழுதிய துண்டோடு தொடங்கலாம். அக்காவின் சீனிக்கும் வயதுக்கும் நான் சத்திரசிகிச்சைப் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன். ஆனால் விற்றமினை மறக்காமல் எடுப்பவரா என்று அக்காவை அறிந்தவர் நீங்கள்தான். இப்போது போடுகிற குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா? கொப்பியில் கிளினிக் திகதி தவறாமல் முத்திரை விழுந்திருக்கிறதா? அதைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

மச்சாளின் பேனை ஏற்கனவே வந்து சேர்ந்திருந்தால் போடவேண்டாம், பிறகு போடலாம் என்று பிரிட்ஜிலும் வைத்திருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியோடு அதையும் கடைக்குக் கொண்டுவாருங்கள். பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு கூட்டம் குறைவு, உட்கார்ந்து பார்ப்போம்.